குழல் வைத்த வயலின்

தனபாலுக்குப் பேச்சு குறைவு என்றுதான் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் நினைத்திருந்தோம். உண்மையில் அவர் பேசப் பிடித்த மனுஷர். வீட்டில் பேச்சு எடுபடாமல் போனதால் வெளியிலும் குறைத்துக்கொண்டார்.

அவர் மனைவி வேலுத்தாய்க்குக் காது கேட்பதில்லை. பிறவியில் வந்ததல்ல. வண்டிப்பெரியாற்றுக்கு மேலே இருந்த தேயிலை பேக்டரியில், தூள் சலிக்கும் அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஆறு சல்லடை மெஷின்கள் ஒன்றாக ஓடும் அறை அது. முதலில் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் காதுக்குள் சல்லடை ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அது நிற்கவேயில்லை. இலவச மருத்துவ முகாமில் கொடுத்த காது மெஷின் விசிலடித்து விசிலடித்துத் தலைவலியைக் கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

அதே பேக்டரியில் பிட்டராக இருந்தவர் தனபால். மெஷின்களுக்கு எண்ணெய் விட்டு ஓடவைத்தது தன் கைதானே என்று அவருக்குள் ஒரு முள் இருந்தது. அதை வெளியே சொன்னதில்லை.

மனைவியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேரே நின்று சொல்ல வேண்டும். வேலுத்தாய் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தோளைத் தொட்டுத் திருப்பிச் சொல்கிற அளவுக்கு ஒரு நாளில் எத்தனை விஷயம் இருக்கும்? மகள் தேனியிலிருந்து போன் செய்தாள், அரிசி தீர்ந்துவிட்டது, மாத்திரை போட்டாயா. இவ்வளவுதான் மிஞ்சியது. சின்னப் பேச்சுகள்தான் முதலில் போயின.

பேக்டரி மூடிய பிறகு, எஸ்டேட்டின் பழைய துரை பங்களா ரிசார்ட் ஆனது. பம்ப், ஜெனரேட்டர், கீசர் எல்லாம் பார்த்துக்கொள்ள அங்கே தனபாலைச் சேர்த்துக்கொண்டார்கள். போன வருடம் மழைக்கு முன்னால், பங்களாவுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் காலி செய்தபோது ஒரு பெட்டி வந்தது. உள்ளே முழ நீளத்தில் ஒரு கறுப்பு மரத்தண்டு. அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான தகர டப்பி. டப்பியிலிருந்து ஊமத்தம்பூ மாதிரி விரிந்த அலுமினியக் குழல்.

மேனேஜர் டின்டு எட்டிப் பார்த்தான். கோட்டயத்துப் பையன், தமிழைத் தட்டித் தடவிப் பேசுவான். "பழைய கிராமஃபோன், சேட்டா. பாதி சாதனம் இல்ல. பழைய இரும்பு எடுக்குற ஆக்கிரிக்காரன் வந்தா கொடுத்தேக்கு."

தனபால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இசைத்தட்டு சுற்ற இடமில்லை. சாவி கொடுக்கத் துவாரமில்லை. கறுப்பு மரத்தில் மட்டும் நான்கு மெல்லிய பள்ளங்கள் இருந்தன. யாரோ ஒருவருடைய விரல்கள் வருடக்கணக்கில் அழுத்திய இடம். தட்டு சுற்றுகிற மெஷினில் விரல் தேய்வதற்கு என்ன வேலை?

"நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டா?" என்று கேட்டார். "எடுத்தோ" என்றான் டின்டு.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிப்பெரியாறு போனார். அங்கே சர்ச்சில் வயலின் வாசிக்கும் ஜிஜி டீச்சரை அவருக்குத் தெரியும்; அவர்கள் வீட்டு மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தவர் இவர். ஜிஜி பையைத் திறந்ததும் சிரித்துவிட்டார். தண்டைத் தோளில் சாய்த்து, தாடையை வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"சேட்டா, இது வயலின்."

"குழல் வெச்ச வயலினா?"

ஜிஜி போட்டோ எடுத்துத் தன் பழைய வாத்தியாருக்கு அனுப்பினார். அரை மணியில் அவரே போனில் கூப்பிட்டுச் சொன்னார். நூறு வருடத்துக்கு முந்தையது. மைக் வராத காலத்தில் பாட்டைத் தட்டில் பதியவைக்க, பதிவு மெஷினின் பெரிய கொம்புக்குழலுக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும். மர வயலினின் சத்தம் போதாது. அதனால் மரக்கூட்டை எடுத்துவிட்டு, தகட்டையும் குழலையும் வைத்தார்கள். டப்பியைத் துடைத்துப் பார்க்கச் சொன்னார். துடைத்தபோது லண்டன் என்ற எழுத்துகள் தெரிந்தன. ஸ்ட்ரோ வயலின் என்று பெயர்.

"இங்கே பாருங்க." டப்பியின் மறுபக்கத்தில் மரை போட்ட ஒரு சின்னத் துளையை ஜிஜி காட்டினார். "இங்கே ஒரு குட்டிக் குழல் இருந்திருக்கணும். பெரிய குழல் ஆட்களைப் பார்த்துத் திரும்பியிருக்கும் இல்லே? வாசிக்கிறவங்களுக்குக் கேக்காது. அதுக்காக அவங்க காதுக்குன்னு தனியா ஒண்ணு."

வீட்டுக்குத் திரும்பும் பஸ் முழுக்கத் தனபால் அந்தத் துளையில் விரலை வைத்திருந்தார்.

டப்பியைத் திறந்ததும் சங்கதி புரிந்தது. கம்பி அதிர்ந்தால் ஒரு சின்ன லிவர் ஆடும். லிவர் ஒரு மெல்லிய தகட்டைத் தட்டும். தகடு அதிர்ந்து குழல் வழியாகச் சத்தம் வரும். தகடு கிழிந்து கிடந்தது. அதைப் பிடித்திருந்த ரப்பர் வளையங்கள் கல்லாகியிருந்தன. வளையத்துக்கு சைக்கிள் டியூப் போதும். தகடுதான் பாடாய்ப் படுத்தியது. கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டிப் போட்டார்; எவ்வளவு தட்டினாலும் அதன் வளைவு போகவில்லை, தேனீக் கூடு மாதிரி இரைந்தது. குமுளி அச்சகத்தில் தேய்ந்துபோன அலுமினியத் தகடுகள் சிலவற்றை வாங்கி வந்தார்.

அப்போதுதான் வேலுத்தாய் உள்ளே வந்தார். அதுவரை, இந்த மனுஷன் தகரத்தோடு மல்லுக்கட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர். தகடுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். தூளைத் தொட்டே ரகம் சொன்ன விரல்கள்.

"இது கனம். இதுவும் கனம். இத எடுங்க. ஓரம் கொஞ்சம் தடிப்பா இருக்கு, நடுவுல வெட்டிக்கங்க."

அவர் சொன்ன தகட்டையே எடுத்தார். தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் லேத்தை அரைமணி நேரம் இரவல் கேட்டு, மரத்தில் அச்சுக் கடைந்து, வட்ட வட்டமாக மடிப்பு விழும்படி தகட்டை அழுத்தினார். குழலை வேலுத்தாய் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினார். கம்பியும் தன்னுடைய பழைய வில்லும் ஜிஜி கொடுத்தார். குட்டிக் குழலுக்கு, மண்ணெண்ணெய் ஊற்றுகிற பித்தளைப் புனலை அறுத்து மரை போட்டார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் பொருந்தியது. தனபாலுக்கு வாசிக்கத் தெரியாது. வில்லை வைத்து இழுத்தார். அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வேலுத்தாய் சட்டென்று திரும்பினார்.

"என்னங்க அது, கோழியப் பிடிச்சாப்ல?"

தனபால் வில்லை இறக்கி அவரிடம் போனார். பிறகு வயலினை அவர் தோளில் வைத்து, குட்டிக் குழலைக் காதோரம் திருப்பி, வில்லைக் கையில் கொடுத்தார். வேலுத்தாய் கூச்சத்தோடு இழுத்தார். தடித்த கம்பியில் ஒரு கனத்த சத்தம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தார். நான்கு கம்பியையும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே இருந்தார்.

எங்கோ லேசாக இரைகிற மாதிரி தனபாலுக்குப் பட்டது. பெரிய குழலுக்குள் முகத்தை வைத்துப் பார்த்து, தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"ச்சே, இன்னும் இரையுதே."

"இரையல, நல்லாத்தான் இருக்கு" என்றார் வேலுத்தாய், கண்ணைத் திறக்காமல்.

அவர் முகத்தை வேலுத்தாய் பார்க்கவில்லை. இவர் தோளைத் தொடவில்லை. மெதுவாக, குழலுக்குள்ளேயே கூப்பிட்டார்.

"தாயி."

வேலுத்தாயின் கையில் வில் நின்றது. "ம்" என்றார். கண் திறக்காமலே.

தனபாலிடம் எத்தனையோ வருடத்துப் பேச்சு இருந்தது. வாய்க்கு வந்தது இதுதான்:

"பம்ப் ஹவுஸ் பக்கத்துல நாய் குட்டி போட்டுருந்துச்சு. ஆறு குட்டி. ஒண்ணு மட்டும் முழுக் கறுப்பு."

"எப்ப?"

"போன வருசம்."

"அத இப்பச் சொல்றீங்க?" வேலுத்தாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

வெங்காயம் காய்ந்து கிடந்தது. வில்லைக் கீழே வைத்துவிட்டு, வயலினை மட்டும் தோளில் வைத்தபடி அவர் உட்கார்ந்திருக்க, இவர் குழலுக்குள் பேசினார். ரிசார்ட் முதலாளி மகன் பச்சை மிளகாய் தின்று அழுதது, பக்கத்து லயத்து மாடு ரிசார்ட் நீச்சல்குளத்தில் தண்ணீர் குடித்தது. கடைசியில் மெஷினுக்கு எண்ணெய் விட்ட கதையையும் சொன்னார். வேலுத்தாய் குட்டிக் குழலைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"நீங்க எண்ணெய் விடலேன்னா இன்னும்ல சத்தம் போட்டுருக்கும்" என்றார்.

விஷயம் ரிசார்ட்டுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு மாதத்தில் டின்டு தயங்கித் தயங்கி வந்து நின்றான். "சேட்டா, முதலாளி கேட்டாரு. ரிசப்ஷன்ல வைக்கணுமாம்." தூக்கிப் போடச் சொன்னது அவன் வாய்தான் என்பதால் அவனுக்கே முகம் சுருங்கியிருந்தது.

தனபால் ஒரு வாரம் தவணை கேட்டார். வீட்டில் வந்து சொன்னபோது வேலுத்தாய் கலங்கவில்லை.

"அவுக பொருளு. குடுத்துட்டு வாங்க. எனக்கு வயலினா வேணும்? குழல்தான வேணும்."

தனபால் அவரையே பார்த்தார். பிறகு எழுந்து போய், தண்ணீர் பிடிக்கிற ஹோஸில் இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு வெட்டினார். இரண்டு முனையிலும் ஒவ்வொரு புனலைச் செருகினார். ஒன்றை அவர் காதில் கொடுத்து, மற்றதில் பேசினார். வயலினில் கேட்டதைவிடத் தெளிவாகவே கேட்டது.

"இத்தன வருசம் பிட்டர்னு பேரு. இது தோணலையே எனக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"தோணுறப்பத்தான தோணும்" என்றார் வேலுத்தாய்.

வயலினை ரிசார்ட்டில் ஒப்படைத்த அன்று ஜிஜியும் வந்து வாசித்தார். டின்டு ஒரு நாற்காலியை நேராகப் பெரிய குழலுக்கு முன்னால் போட்டு வேலுத்தாயை உட்காரவைத்தான். இப்போதும் வயலின் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் சாவி தனபாலிடம்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் ரப்பர் வளையத்தைப் பார்த்து மாற்ற வேண்டும்.

ஹோஸ் அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. காலையில் காபி குடிக்கும்போது எடுக்கிறார்கள். ஆனால் பழைய பழக்கம் தனபாலை விடவில்லை. புனலுக்குள்ளும் கத்தித்தான் பேசுகிறார். அவர்கள் வீட்டுச் சேதி அத்தனையும் இப்போது லயம் முழுக்கத் தெரியும்.

"கத்தாதீங்க" என்று வேலுத்தாய் சொல்வதும் எங்களுக்குக் கேட்கிறது. "கேக்குது."