நான் அனுப்பிய பல் குறுஞ்செய்தி

என்னைப் போன்ற அவசரக்குடுக்கையிடம் கணினியைக் கொடுக்கவே கூடாது, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் பல் கிளினிக்குகளுக்கு மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்தேன். அதை முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது. மூன்றாம் நாள், நோயாளிகளுக்கு நினைவூட்டல் அனுப்பும் நிரலைச் சோதிக்க, “பல்லெல்லாம் கொட்டப் போகுது லா, சீக்கிரம் வா!” என்று விளையாட்டாகத் தட்டி, அதிலிருந்த எண் பட்டியலுக்கு அனுப்பிவிட்டேன். போலி எண்கள் என்று நான் நினைத்த அந்தப் பட்டியல், கிள்ளான் நகரக் கிளினிக் ஒன்றின் நிஜ நோயாளிகளுடையது. அலுவலகத் தொலைபேசி அலறத் தொடங்கியது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமலே திரும்பினேன்.

இப்போதெல்லாம் என் சோதனைச் செய்திகள் என் கைப்பேசிக்கு மட்டுமே போகும். அன்று மேற்பார்வையாளர் கவிதாவிடம், “அக்கா, என் இன்டர்ன்ஷிப் போச்சா?” என்று கேட்டேன்.

“இன்னும் போகல. மொதல்ல அந்த போனை எடு.”