ஒரு ‘பரவாயில்லை’யில் போன பெரிய சீட்

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சி விமான நிலையத்தில் நடந்தது இது. சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் கணவரும் கிளம்பியிருந்தோம். அவருக்கு அது முதல் விமானப் பயணம். எனக்கு ஒன்பதாவது.

ஒன்பது என்று எண்ணிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஸ்ரீரங்கத்தில் வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு முதல் பிரசவம், இரண்டாவது பிரசவம், பேரனுக்கு ஸ்கூல் லீவு என்று ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டிவிட்டுத் தனி ஆளாகவே போய் வந்தவள். அதில் இரண்டு தடவை, ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காமல், பிசினஸ் கிளாஸில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்தக் கதை பரவி, எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற சாக்கில் என்னிடம் வழி கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

நானும் சளைக்காமல் சொல்வேன். இது அதிர்ஷ்டம் இல்லை, சாமர்த்தியம். ஒரே விமானக் கம்பெனியில் திரும்பத் திரும்பப் போய், அதில் உறுப்பினராகவும் சேர்ந்துவிட வேண்டும். கூட்டம் நிரம்பி வழிகிற நாளாகப் பார்த்து டிக்கெட் போட வேண்டும். பின்னால் இடம் போதாமல் போனால்தான் அவர்களே யாரையாவது முன்னால் ஏற்றிவிடுவார்கள். குடும்பமாகப் போனாலும் டிக்கெட்டைத் தனித்தனியாக எடுப்பது நல்லது, ஏனென்றால் முன்னால் பெரும்பாலும் ஒற்றை சீட்தான் மிஞ்சும். கசங்காத உடையில், சீக்கிரமே போய் நிற்க வேண்டும். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? கடைசியாக, கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் சிரித்த முகத்தோடு ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்க வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், ஆனால் அழுகிற விதம் என்று ஒன்று இருக்கிறது.

அந்தத் தடவை எனக்கு முன்சீட் வேண்டியது பெருமைக்காக இல்லை, என் கணவரின் வலது முழங்காலுக்காக. அவர் திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முந்தைய வருடம் முழங்காலில் ஆபரேஷன் ஆனது. மிகவும் தேய்ந்த பிறகு வந்தீர்கள் என்று டாக்டரே வருத்தப்பட்டார். கைத்தடியோடு நடக்கிறார், ஆனால் முழங்கால் முழுசாக மடங்காது. சாதாரண சீட்டில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் கால் விறைத்து வீங்கிவிடும்.

ஆறு வருடமாக மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் இவர், “பரவாயில்லம்மா, நீங்களே வந்து பாத்துட்டுப் போங்க” என்று முடித்துவிடுவார். ஒருநாள் அவள் போனில் அழுதேவிட்டாள். அப்புறம்தான் இறங்கி வந்தார். அதுவும் ஒரு நிபந்தனையோடு. “இந்த ஒரு தடவை வரேன். கால் படுத்துச்சுன்னா அதுக்கப்புறம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது.” அவர் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். ஆகவே அந்த நாலு மணி நேரம் எப்படிப் போகிறது என்பதில்தான் எல்லாமே இருந்தது.

கால் நீட்ட இடமுள்ள வரிசைகள் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. செவ்வாய்க்கிழமை விமானத்தில் கூட்டம் இருக்காது, பக்கத்து சீட் காலியாக இருக்கும், அதில் வாங்க என்று மகள் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. கூட்டம் இல்லாத விமானத்தில் பின்னாலிருந்து யாரை முன்னால் ஏற்றுவார்கள்? “அப்பாவை ராஜா மாதிரி கூட்டிட்டு வரேன், நீ பாரு” என்று சொல்லி, வேண்டுமென்றே நிரம்பி வழிகிற ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தேன்.

ஒரே ஒரு பயம் இருந்தது. இவர் வாயில் இருக்கும் ‘பரவாயில்லை.’ நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும், காபி கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்றுதானே சொல்வோம். அவர்கள் இரண்டாவது தடவை கேட்பார்கள், அப்புறம்தான் டம்ளரில் கை வைப்போம். முதல் தடவையே வாங்கிக்கொண்டால் நாக்கு நீளம் என்பார்கள். இவர் அந்தப் பழக்கத்தில் ஊறியவர். விமான நிலையத்தில் இதெல்லாம் செல்லாது, அங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதனால் கிளம்புவதற்கு முன் பத்து நாள் வீட்டிலேயே பயிற்சி கொடுத்தேன். எதைக் கேட்டாலும் ஒரு தடவைதான் கேட்பேன். ‘பரவாயில்லை’ என்றால் அவ்வளவுதான். முதல் நாள் இரவு, இன்னொரு தோசை வைக்கட்டுமா என்றேன். வழக்கம்போல, “பரவாயில்லை, போதும்” என்றார். அடுப்பை அணைத்துவிட்டேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து கை கழுவப் போனார். மூன்று நாள் அரை வயிற்றோடு எழுந்தவர், நாலாம் நாளிலிருந்து தேறிவிட்டார். “சரி, வை” என்று பளிச்சென்று பதில் வர ஆரம்பித்தது. தொட்டியத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது, காபி வேணுமா என்று வாய் மூடுவதற்குள் டம்ளரை வாங்கிவிட்டார். சம்பந்தி வீட்டார் ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். இவருக்கு நானே தேய்த்த சட்டை, எனக்கு மடிப்புக் கலையாத காட்டன் புடவை. “அந்தப் பொண்ணு உங்களைக் கேட்டா மட்டும் பேசுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்று கடைசியாக ஒரு தடவை சொல்லி வைத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பேச்சைக் கேட்டால் நம்ம பக்கத்துப் பெண் என்று தெரிந்தது. இரண்டு பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு, என் கணவரின் காலைப் பற்றிச் சொல்லி, முன்னால் ஏதாவது இடம் இருந்தால் பாரும்மா என்று நான் பழகிய விதத்தில் அழகாகக் கேட்டேன். அவள் திரையைப் பார்த்தாள், யாருக்கோ போன் செய்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாதாரண சீட்டுக்கான போர்டிங் பாஸை எடுத்து வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“மேடம், பிசினஸ் கிளாஸ்ல ஒரே ஒரு சீட் தர முடியும், எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்லை. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மாத்திடட்டுமா?”

இத்தனை நாள் காத்திருந்த கேள்வி. என் வாயிலிருந்து வந்த பதிலை இப்போது எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

“ஐயோ, பரவாயில்லம்மா. உனக்கு எதுக்குச் சிரமம்?”

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றேன். அவள் இன்னொரு தடவை கேட்பாள், அட, இதுல என்ன சிரமம், வாங்கிக்கங்க என்பாள் என்று மனசு பாட்டுக்குக் காத்திருந்தது. அவளோ, “ஓகே மேடம்” என்று சொல்லி அந்த இரண்டு போர்டிங் பாஸையும் என் கையில் கொடுத்து, எனக்குப் பின்னால் பார்த்து, “அடுத்து வாங்க” என்றாள். நான் நகர்ந்தேன். நகரும்போதும் கூப்பிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு அடுத்து நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டி வைத்திருந்தார். அவரிடம் அவள் அதே கேள்வியைக் கேட்டது என் காதில் விழுந்தது. “கொடுங்க” என்றார் அவர். அரை நொடி கூட ஆகவில்லை. அப்போதுதான் நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கு உறைத்தது.

நாலு எட்டுத் தள்ளி இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தோம். இவர் திட்டுவார் என்று பார்த்தேன். கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, “ரெண்டாவது தோசை போச்சு” என்றார். அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், பத்து நாள் இந்த மனுஷனைப் பட்டினி போட்டவள், கடைசியில் நானே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். ஆற்றாமையில் அவர் மேலேயே பாய்ந்தேன். “நீங்களாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?”

“என்னைக் கேட்டா மட்டும் பேசணும்னு நீதானே சொன்ன” என்றார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், இன்னொன்றும் சொன்னார். “விடும்மா. நமக்கு அது வாயில வந்துடுது. அஞ்சு வருஷம் முன்னாடி, கால் வலிக்குதான்னு ஒருநாள் கேட்டியே. நானும் பரவாயில்லைன்னுதான் சொன்னேன்.”

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. வேலையிலிருந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மிஷினில் தைத்தபடியே, காலு வலிக்குதா என்றேன். பரவாயில்லை என்றார். நானும் விட்டுவிட்டேன். கல்யாண சீசன், கை நிறையத் துணி. இரண்டாவது தடவை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், மிகவும் தேய்வதற்கு முன்பே அந்த டாக்டரிடம் போயிருப்போம்.

எழுந்துவிட்டேன். வெட்கமாவது மண்ணாவது. நேரே கவுண்டருக்குப் போய், வரிசையில் நின்றவரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் மனசை விட்டுச் சொன்னேன். “அம்மா, நான் வேணாம்னு சொல்லலை. நீ இன்னொரு தடவை கேப்பேன்னு நின்னேன். எனக்கு இல்லை, அவர் காலுக்காகத்தான் கேட்டேன்.”

அவள் முகம் வாடிவிட்டது. “எங்க வீட்லயும் அப்படித்தாம்மா. எனக்கும் தெரியும். ஆனா இங்க வேணாம்னு சொன்னவங்களை மறுபடி கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அந்த சீட் இப்ப அவருக்குப் போயிடுச்சு” என்று கையைக் காட்டினாள்.

அந்த அட்டைப்பெட்டிக்காரர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். கைப்பையில் எடை கூடிவிட்டதால், அதைத் திறந்து வாழைக்காய் சிப்ஸ் பாக்கெட்டுகளை எடுத்துப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, நேராக என் கணவரிடம் போனார்.

“ஐயா, என் சீட்ல நீங்க போங்க. நான் உங்க சீட்ல உக்காந்துக்கிறேன்.”

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். “சரிங்க. ரொம்ப நன்றி” என்றார்.

அந்த மனிதர் ஒரு கணம் திகைத்து நின்றார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். “ஒரு பேச்சுக்காவது வேணாம்னு சொல்வீங்கன்னு நினைச்சேங்க” என்றார். என் கணவர் என்னைக் காட்டி, “பத்து நாள் டிரெய்னிங்” என்றார்.

இருவரும் சேர்ந்து கவுண்டருக்கு வந்தார்கள். அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் என் கணவரின் காலைப் பார்த்தார், அந்த மனிதரிடம் சம்மதம்தானா என்று கேட்டார். அதை மட்டும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அவர் ஆமாம் என்றார். பெயர்கள் மாறி, புது போர்டிங் பாஸ் வந்தது.

விமானத்தில் அந்த அட்டைப்பெட்டிக்காரர்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சொந்த ஊர் தொட்டியம் பக்கம், பதினோரு வருடமாகச் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை, இதுவரை ஒரு தடவைகூட முன்னால் உட்கார்ந்ததில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கையில் வேறு என்ன இருக்கிறது கொடுக்க? உறுப்பினராகச் சேர்வதிலிருந்து தொடங்கி எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கடைசிப் பாடம் உங்களுக்கே தெரியலையே, அக்கா” என்று கிண்டல் செய்தார். கைப்பையில் மிஞ்சியிருந்த ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். உடனே எடுத்துக்கொண்டேன்.

இறங்கியபோது என் கணவர் எனக்கு முன்பே வெளியே வந்து, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். கால் வீங்கவில்லை. மகளைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “அடுத்த தடவை எப்ப வரணும்?” அவள் அழுதுவிட்டாள், நானும்தான். அதற்குப் பிறகு ஒரு தடவை போய் வந்துவிட்டோம், கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையில், பக்கத்து சீட் காலியாக.

தெருவில் இப்போதும் என்னிடம் வழி கேட்கிறார்கள், நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், கூடவே இந்தக் கதையையும் சேர்த்து. கவுண்டரில் யார் எதைக் கொடுத்தாலும் இப்போது முதல் தடவையே கையை நீட்டிவிடுகிறேன். ஆனால் வீட்டில், மிஷினை நிறுத்திவிட்டு, கால் வலிக்குதா என்று அவரைக் கேட்கும்போது, அவர் பரவாயில்லை என்றால் இரண்டாவது தடவையும் கேட்கிறேன்.