தலை நேராக இருக்கட்டும்

இதை எழுத நினைத்து நினைத்துப் பல வருஷம் விட்டுவிட்டேன். எட்டாவதோடு நின்றவள் வைத்தியக் காரியத்தை எழுதலாமா என்ற தயக்கம். ஆனால் எங்கள் சொந்தத்தில் இந்தச் சங்கதி வாய்க்கு வாய் மாறிக்கொண்டே போகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நாங்கள் பனியனுக்குப் பேர்போன எங்கள் ஊரில், ராயபுரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. ஒன்றாம் வகுப்புப் படித்த மகள் மூளைக்காய்ச்சல் வந்து, நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"மூளை வீங்கியிருக்குங்கம்மா. மண்டை ஓட்டுக்குள்ள இடமில்ல. அழுத்தம் ஏறுனா உசுருக்கு ஆபத்து," என்றார் டாக்டர். வீக்கம் வடிய மருந்து ஏறியது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்தார்கள். கழுத்து சாயக் கூடாது, சத்தம் கூடாது, வாயில் சொட்டுத் தண்ணீரும் கூடாது. வீட்டுக்காரர் பனியன் துணியை அலசிக் காயவைத்து உருட்டிக் கொடுத்தார். நர்ஸ் அதைத் தலைக்கு இருபுறமும் அணைத்து வைத்தாள்.

வீட்டுக்காரரின் அக்காளை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். வெள்ளகோவிலிலிருந்து கோயில் தீர்த்தத்தோடு வந்தவர், கட்டிலைப் பார்த்ததும் பதறினார்.

"ஏங்கண்ணு, வடக்க தலை வெச்சிருக்குது! ஆகுமா? இந்தப்பக்கம் திருப்பிப் போடு."

திருப்பினால் தலை தாழ்ந்த பக்கம் போய்விடும். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் எனக்கும் அதே பயம்தான். சாமிக்கு ஆகாததைச் செய்கிறோமோ?

நர்ஸ் தூத்துக்குடிப் பக்கம், கிறிஸ்தவப் பெண். மெல்லச் சொன்னாள்:

"யக்கா, பாப்பா எங்க படுத்திருக்கா? சாஞ்சு உக்காந்துல்லா இருக்கா. உக்காந்த பிள்ளைக்குத் தெசை பாப்பாங்களா?"

நங்கையா கட்டிலின் சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுஞ் செரிதானுங்க."

தீர்த்தத்தைக் குழந்தையின் உள்ளங்கையில் மட்டும் தொட்டு வைத்தார். நர்ஸும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு நங்கையாதான் காவல். சாமளாபுரத்துச் சொந்தங்கள் வாசலிலேயே ஓவென்று அழத் தொடங்க, "அழுகோணும்னா ரோட்டுக்குப் போங்க. புள்ளைக்குத் தலை நேரா இருக்கோணும்," என்று விரட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஒருநாள் காலை, நானும் நங்கையாவும் பிரார்த்தித்துக்கொண்டே இருந்தபோது மகள் கண் திறந்தாள்.

"அத்தே... தண்ணி."

நங்கையாவின் கை தீர்த்தச் செம்புக்குப் போனது. அப்படியே நின்றது.

"சிஸ்டர், இப்பக் குடுக்கலாங்களா?"

டாக்டர் வந்து பார்த்த பிறகு, ஒரு கரண்டி. அந்தத் தீர்த்தத்தைத்தான் கொடுத்தோம் என்று சொந்தத்தில் இன்று சொல்கிறார்கள். இல்லை, ஆஸ்பத்திரித் தண்ணீர். நினைவில்லாத குழந்தையின் வாயில் தீர்த்தம் விட்டோம் என்றும் ஒரு பேச்சு. அதை நம்பி யாராவது விட்டு, குழந்தைக்குப் புரையேறிவிட்டால்?

சாமி காப்பாற்றியது, டாக்டரையும் நர்ஸையும் வைத்துக் காப்பாற்றியது. படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொல்லுங்கள்.