ஆயுத பூஜைக்குப் பிறகு அவள் வண்டி ஏறவில்லை

எட்டு வருடங்களுக்கு முன்பு, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாளில் நடந்தது இது. அப்போது நான் ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் இருந்த ஒரு பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த வேன். அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் வேடசந்தூரில் மில் பஸ் ஓட்டியவன். ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் ஐம்பது பேர் திட்டுவார்கள் என்பதால், நேரம் தவறுவது எனக்குக் கொலைக்குற்றம். அதே புத்தியோடுதான் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றினேன். வண்டி வாசலில் நின்றால் பிள்ளை பையோடு தயாராக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டேன். "ஏறு ஏறு, நேரமாச்சு!" என்பதுதான் என் வாயில் நாள் முழுக்க இருக்கும். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரே 'நேரமாச்சு அண்ணன்' தான்.

அந்த வருடம் ஜூனில் ஒரு பெண் குழந்தை புதிதாக எங்கள் வண்டிக்கு வந்தாள். எட்டு வயது. அவளுக்கு ஆட்டிசம் என்று அவள் அம்மா சொன்னார். அந்த வார்த்தையை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். ஏதோ வியாதி போல, மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரியில பாக்குறீங்க?" என்று விசாரித்தேன். அந்தத் தங்கச்சி சிரித்துவிட்டு, "அது அப்படி இல்லண்ணே" என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு கேட்க எனக்கு நேரமில்லை.

அந்தக் குழந்தை யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். இடது பக்கம் மூன்றாவது ஜன்னலோரம்தான் அவள் இடம். வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் அவர்கள் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். உட்கார்ந்ததும் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் வரும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கும். சொந்தமாகப் பேசுவது ரொம்பக் குறைவு. ஆனால் மற்றவர்கள் பேசியதை அதே குரலில், அதே ராகத்தில் திருப்பிச் சொல்வாள். ஒரு மாதம் போனதும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பின்னாலிருந்து, "ஏறு ஏறு, நேரமாச்சு!" என்று என் கரகரத்த குரலிலேயே வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் முறைப்பது போல நடிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. என் பிள்ளைகள்கூட என்னை அவ்வளவு கவனித்ததில்லை.

அவள் அப்பா மில்லில் ஷிப்டு வேலை. அம்மா ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில், "எங்களால சமாளிக்க முடியல" என்று கையை விரித்துவிட்டார்களாம். ஒரு வருடம் முழுக்க அந்தப் பிள்ளை வீட்டிலேயே கிடந்திருக்கிறாள். அம்மாவும் வேலையை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு இருந்திருக்கிறார். மூன்றாவதாக இந்தப் பள்ளியில்தான் தலைமை ஆசிரியை தைரியமாகச் சேர்த்துக்கொண்டார். வாரம் இரண்டு நாள் ஒரு சிறப்பாசிரியையும் வந்து அவளோடு உட்கார்ந்தார். செப்டம்பரில் ஒருநாள் அந்த அம்மா ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடிவந்தார். "அண்ணே, இங்க பாருங்களேன். அவ பேர அவளே எழுதிட்டா!" முகமெல்லாம் பூரிப்பு. கோணல்மாணலாக ஐந்து எழுத்து. நான் பார்த்தும் பார்க்காமலும், "நல்லது நல்லது, நேரமாச்சு" என்று கியரைப் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நின்று ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம்.

பிறகு காலாண்டு விடுமுறை வந்தது. கூடவே ஆயுத பூஜை. வண்டிக்காரனுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. அந்த வருடம் வேனைச் சும்மா இழைத்துவிட்டேன். மஞ்சள் பெயின்ட் புதிது. சீட்டுக்கெல்லாம் சிவப்பு ரெக்சின். ஜன்னலுக்குக் குஞ்சம் வைத்த திரை. பாட்டுப் பாடுகிற ஹாரன். பட்டறையில் நாலு நாள் போட்டு, ரொம்ப நாளாக இருந்த சின்னச் சின்னக் கோளாறுகளையும் சரிபார்த்தேன். பூஜை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, முன்னால் வாழைக்கன்றும் கலர் காகிதத் தோரணமும் கட்டினேன். பள்ளி திறந்த அன்றும் தோரணத்தை அவிழ்க்க மனசு வரவில்லை. பிள்ளைகள் பார்த்துக் குதிக்கட்டும் என்று அப்படியே கிளம்பினேன். குதிக்கவும் செய்தார்கள்.

அவள் வீட்டு வாசலில் போய்ப் புது ஹாரனை அடித்தேன். அம்மாவின் கையைப் பிடித்து வந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். வண்டியைப் பார்த்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அம்மா தூக்கத் தூக்கச் சரிந்தாள். நான் இன்னொரு தடவை ஹாரன் அடித்தேன். அவள் கத்த ஆரம்பித்தாள். இன்னும் ஆறு நிறுத்தம் பாக்கி. எனக்கு மண்டை சூடாகிவிட்டது.

"என்னம்மா இது, செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க. நாலு போடு போட்டு ஏத்துங்க!" என்றேன்.

நான் இறங்கிப் போய், அந்தக் குழந்தையை அலாக்காகத் தூக்கி அவள் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தி வண்டியை எடுத்துவிட்டேன். ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். 'டங் டங்' என்று சத்தம். திரும்பிப் பார்த்தால், அவள் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் பயந்து அழுகிறார்கள். ஓரங்கட்டி நிறுத்தி ஓடினேன். நெற்றி புடைத்து, சட்டையெல்லாம் வாந்தி. வண்டியைத் திருப்பினேன். அந்த அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பிள்ளையை வாங்கி முந்தானையால் துடைத்தார். என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "அண்ணே, உங்களுக்கு நேரமாச்சு, போங்க" என்றார்.

மறுநாள் அவள் வாசலுக்கே வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பஸ்ஸில் கூட்டிப்போகலாம் என்றால் டவுன் பஸ் நெரிசலை அவளால் தாங்க முடியாது. ஒரு வாரம் கழித்து அந்த அம்மா வாசலில் நின்று, "நாங்க வண்டியிலருந்து நின்னுக்கிறோம்ண்ணே. பண்ணையில வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டேன். இந்தப் பள்ளிக்கூடமும் போச்சுன்னா இனி எங்க கொண்டு போவேன்?" என்று கண் கலங்கினார். எழுதத் தொடங்கிய ஒரு பிள்ளையை என் முன்கோபம் மறுபடியும் வீட்டுக்குள் அடைத்துவிட்டது என்று உறைத்தது.

நேராகப் பள்ளிக்குப் போய்ச் சிறப்பாசிரியையைப் பார்த்தேன். சின்ன வயதுப் பெண்தான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நான் சொன்ன வசனத்தையும் சேர்த்தே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அவ அடம் பிடிக்கலண்ணே, பயந்துட்டா. உங்க வீட்டுக்கு நீங்க போறப்ப, கதவு, சுவரு, சாமான் எல்லாமே வேறயா இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? அவளுக்கு அப்படித்தான். அவளுக்குத் தெரிஞ்ச வண்டி அன்னைக்கு வரல. என்னென்ன மாத்துனீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். தோரணம், திரை, ஹாரன், சீட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கச் சொன்னார். பெயின்டை ஒன்றும் செய்ய முடியாது, அதை அவள் பார்த்துப் பார்த்துப் பழகட்டும் என்றார். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வெறும் வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தச் சொன்னார். "கூப்பிடாதீங்க, தூக்காதீங்க, ஹாரன் வேண்டாம். சும்மா இருங்க" என்றார். சும்மா இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாத வேலை.

ஆசை ஆசையாகப் போட்ட ரெக்சினை நானே உரித்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு, தினமும் சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். முதல் இரண்டு நாள் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. மூன்றாம் நாள் வாசப்படி வரை வந்தாள். வண்டியைப் பார்த்தபடி, என் குரலில், என் ராகத்தில் சொன்னாள்:

"நாலு போடு போட்டு ஏத்துங்க!"

நான் அப்படியே ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இந்த வண்டியைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது அதுதான். அத்தனை நாளும் அவள் மனசுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இறங்கிப் போய், கொஞ்சம் தள்ளியே நின்று, "தப்புத்தான் பாப்பா. இனிமே சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. அவள் அம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

ஆறாம் நாள் அவளே ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கு உயிர் வந்தது. மெதுவாக இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். அவள் கண்ணாடியில் கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். முகம் வாடிப்போய், இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். மறுநாளும் அதேதான் நடந்தது.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் போனதும், அவள் இடத்தில் போய் நானே உட்கார்ந்தேன். எத்தனையோ வருடம் ஓட்டிய வண்டியில் பயணி சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் கை வைத்தேன். கண்ணாடி ஆடாமல் அசையாமல் இருந்தது. அப்போதுதான் மண்டையில் தட்டியது. அந்த ஒரு ஜன்னல் முன்பெல்லாம் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில்தான் அவள் கை இருந்திருக்கிறது. பட்டறையில் கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பர் பீடிங் போட்டு அதை நான் நிறுத்திவிட்டேன். டீச்சரிடம் அத்தனை மாற்றத்தையும் சொன்னவன், இதை மட்டும் சொல்லவில்லை. ரிப்பேர் பார்த்ததை எந்த டிரைவர் மாற்றம் என்று நினைப்பான்? கோளாறைச் சரிசெய்தேன் என்றுதானே நினைப்பான்!

அப்போதே பட்டறைக்கு ஓட்டினேன். மெக்கானிக் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணே, ஊர்ல அம்புட்டுப் பேரும் ஆட்டத்த நிறுத்தத்தான் வருவாய்ங்க. நீங்க ஆட வைக்கச் சொல்றீங்களே, நல்லாத்தான இருக்கீங்க?"

"நல்லா இருக்கத்தான்டா வந்தேன். செத்த நேரத்துல முடிச்சுக் குடு, அப்பு."

பீடிங்கை உருவினான். கண்ணாடி லேசாக மட்டும்தான் ஆடியது. "பத்தாது, இன்னும், இன்னும்" என்று நான் பக்கத்திலேயே நின்று கை வைத்துப் பார்த்துப் பார்த்து, பழைய ஆட்டம் வரும்வரை விடவில்லை. அன்றைக்கு என் வாயில் நேரமாச்சு என்ற பேச்சே வரவில்லையே என்று அவனே கேலி பண்ணினான்.

மறுநாள் சாயங்காலம் சிறுமலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றது. அவள் ஏறினாள், உட்கார்ந்தாள், கை வைத்தாள். நான் சாமியை வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். கண்ணாடி கடகடத்தது. பின்னாலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சன்னமான முனகல் கேட்டது. கண்ணாடியின் சத்தத்தோடு சத்தமாக அவளும் சேர்ந்துகொண்டாள். அவள் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, "எடுங்கண்ணே, எடுங்க" என்று கையை ஆட்டினார். ஊர் எல்லை வரை போய்த் திரும்பினோம். அடுத்த நாள் மெயின் ரோடு வரை போனோம். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். அந்த அம்மாவும் மறுபடி பண்ணைக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓட்டினேன். வண்டியில் எது மாற்றுவதாக இருந்தாலும் ஒரு வாரம் முன்பே அவளிடம் சொல்லிவிடுவேன். டயர் மாற்றினால்கூட! முழங்கால் வலியால் வண்டியைக் கைமாற்றியபோது, புது டிரைவரைப் பத்து நாள் முன்பே அழைத்துப்போய் அவளுக்குப் பழக்கிவிட்டேன். அந்த ஜன்னலில் கை வைத்துவிடாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தேன். இப்போது அவள் பத்தாம் வகுப்பு. அந்தக் காலைகளை நினைத்தால், அந்தப் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே அவளுடைய 'ம்ம்ம்' மட்டும் தனியாக எனக்குக் கேட்கும். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களில் நான் ஏங்குவது அதற்குத்தான்.

அன்று தூக்கிப் போட்டுக்கொண்டு போனதற்காக அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது, கேட்டால் என் கேள்வியையே என் குரலில் திருப்பிச் சொல்லுவாள். ஆனால் தன்னை அவ்வளவு பயமுறுத்தியவனின் வண்டியில் அதற்குப் பிறகும் ஆறு வருடம் அவளாகவே ஏறி உட்கார்ந்தாள், என் வாழ்நாளில் யாரும் என்னை அந்த அளவுக்கு நம்பியதில்லை.