கிளா பூத்த செய்தி

நோர்வேயில் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு நாள் வெறுங்கோப்பையோடு என் கதவைத் தட்டினார். என் வளவில் நிற்கும் ரிப்ஸ் என்ற சிவப்புப் பழச் செடி தன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார். முறைப்பாடு என்று நினைத்துக் கத்தரிக்கோலோடு ஓடினேன். மனிதர் பதறிப்போனார். தன் பக்கம் தொங்கும் பழத்தைப் பிடுங்கலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். இதையெல்லாம் கேட்பார்களா? சல்லி என்ற எங்கள் கடற்கரை ஊரில், காணிக்கு நடுவே நின்ற கிளாவேலியில் பழம் பிடுங்க யாரும் யாரையும் கேட்டதில்லை. வெள்ளைப் பூ, கறுத்த பழம், உதட்டில் ஒட்டும் பால், கையைக் கிழிக்கும் முள். அப்பா பங்கு பிரித்தபோது காணி உறுதி எழுதவில்லை, எல்லைக் கல்லும் போடவில்லை. வேலிக்குக் கடல் பக்கம் எனக்கு, ரோட்டுப் பக்கம் தம்பிக்கு. இந்த முள்ளில் எவன் கை வைக்கப் போகிறான் என்றார்.

எட்டாம் வகுப்போடு ஊரை விட்டவன் நான். கத்தாரில் கம்பி கட்டினேன், கிரேக்கத்தில் ஒளித்திருந்து தோட்டவேலை செய்தேன், இப்போது மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க நிற்கிறேன். அது பெரிய கதையில்லை. எங்கிருந்தாலும் வருடா வருடம் தம்பி போனில், "அண்ணை, கிளா பூத்திட்டுது" என்பான். கடைசியில் போய்க் குடில் போட எனக்கும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது என்று அடுத்த வருடத்தைத் தள்ளிவிடுவேன்.

இந்த முறை நேரில் போனேன். வேலி இல்லை. காணி ஒன்றாகக் கிடந்தது. நடுவே உல்லாசப் பயணிகளுக்கான வாடகை அறைகள்.

"கிளா எங்கையடா?"

"அந்த வேலியோ? பாம்பு வருதெண்டு எப்பவோ பிடுங்கியாச்சு, அண்ணை. கையால ஏலாது, மிசின் விட்டனாங்கள்."

"போன வரியமும் பூத்ததெண்டெல்லோ சொன்னனீ?"

தம்பியின் மனைவிதான் தேத்தண்ணியை நீட்டியபடி சிரித்தாள். "நீங்கள் கேக்க ஆசைப்படுறியள் எண்டுதான் இவர் அப்பிடிச் சொன்னவர், அத்தான். பூத்தாலென்ன, பூக்காட்டியென்ன, அங்கயிருந்து தெரியவோ போகுது?"

நிலத்தை எடுத்ததைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். இல்லாத செடியை வருடம் தவறாமல் பூக்க வைத்தானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"கடல் தெரியிற அறை உங்களுக்குத்தான், அண்ணை. எத்தினை நாளெண்டாலும் நில்லுங்கோ" என்றான், விருந்தாளிக்குச் சொல்வதுபோல.

மத்தியானம் அங்கே படுத்தேன். கட்டிலுக்குக் கீழே எங்கேயோதான் வேலி ஓடியிருக்க வேண்டும். தலை என் காணியிலா, கால் அவன் காணியிலா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு பார்த்தேன். சீமெந்துத் தரைக்கு அது தெரியவில்லை.