இடது உதட்டோரச் சிரிப்பு

பேருந்து நிலையத்தின் பின்புறச் சந்தில், செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஓர் இஸ்திரிக் கடை. ஒற்றை அறைதான். தெருவைப் பார்த்தபடி ஒரு மேசை, அதன்மேல் மடித்துப் போட்ட பழைய கம்பளி, கம்பளியின்மேல் கருகல் தழும்புகளோடு ஒரு வெள்ளைத் துணி. பின்சுவரை ஒட்டி ஒரு மர நாற்காலி. மேசையருகே நிற்பவள் மனைவி. நாற்காலியில் இருப்பவர் கணவர். சந்தில் அவளுக்கு இஸ்திரி அக்கா என்று பெயர். அவருக்கு டிரைவர் என்று பெயர். அவர் பேருந்து ஓட்டுவதை விட்டுப் பல வருடங்கள் ஆகியும் பெயர் மட்டும் இறங்க மறுத்துவிட்டது.

ஒவ்வொரு வாரமும் ஆயிரக்கணக்கான வீடுகளை அழவைக்கிற கப்பல் கேப்டனின் தொடர்கதை இந்த மேசையில்தான் பிறக்கிறது என்றால் சட்டை வாங்க வருகிற பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அவள் கப்பலைப் பார்த்ததில்லை. அதனால் என்ன? கை சட்டையில் இருக்கும், வாய் நடுக்கடலில் இருக்கும். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, முதுகுப் பக்கம் உட்கார்ந்து அவர் போனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே வருவார். வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவைப்பதும் அவர்தான். காலர் முடியும்போது ஒரு வாக்கியம் முடியும். புயல் காட்சி என்றால் கால்சட்டைகளை எடுத்துக்கொள்வாள். நீளமாகத் தேய்க்கலாம்.

இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. டிரைவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகிற காய்ச்சல் சும்மா போகவில்லை, முகத்து நரம்புகளையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் அசையவில்லை. கண் இமைகள் முழுசாக மூடவில்லை என்று பட்டை போட்டு ஒட்டிவைத்தார்கள். இருட்டில் கிடந்த மனிதருக்குப் பொழுது போகவேண்டுமே என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஒரு கதை சொன்னாள். அதுதான் முதல் கதை. பிறகு கண் பிழைத்தது, பேச்சு கொஞ்சம் குழறலாகத் திரும்பி வந்தது, முகம் மட்டும் வரவில்லை. இன்றும் அவர் டீயை உறிஞ்சுகுழாய் போட்டுத்தான் குடிக்கிறார். கண் வறண்டால் அவருக்குத் தண்ணீராகக் கொட்டும். அவள் ஓடி வந்து சொட்டு மருந்து விடுவாள். அந்த வீட்டில் கண்ணீருக்கு அர்த்தம் கிடையாது. அது மருந்து வேளை, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அவருக்கு ஒரு சிரிப்பு இருந்தது. வேலைக்குப் போகிற நாட்களில் அவர் ஓட்டிய வண்டியில் அவள் ஏறுவாள். டிரைவர் தலைக்குமேல் இருக்கும் கண்ணாடியில் அந்தச் சிரிப்பு தெரியும். இடது உதட்டோரம் மட்டும் மெல்ல மேலே போகும். அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அவருடைய வாழ்க்கைக்குள் ஏறினாள்.

கப்பல் கேப்டனுக்கும் இடது உதட்டோரச் சிரிப்பு. இப்போது புரிந்திருக்கும்.

போன மழைக்காலத்தில் பத்திரிகைக்குப் புது எடிட்டர் வந்தார். கண்டிப்பான பெண்மணி. ஒருநாள் அவரே போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தேய்ப்பதைத் தொடர்ந்தாள்.

"உங்க கதையில பெருமூச்சு விடாத ஆளே கிடையாதும்மா. போன வாரம் வாட்ச்மேன்கூட விட்டான்."

"அவனுக்கு ராத்திரி வேலைங்க மேடம். பாவம்."

"கோபம் வந்தா எல்லாரும் முஷ்டியை மடக்குறாங்க. வெட்கம் வந்தா கால் விரலால தரையில கோலம் போடுறாங்க. துக்கம் வந்தா சுவத்துல சாயறாங்க. கப்பல் மேல்தளத்துல எங்கேம்மா சுவரு?"

பின்னால் நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிரைவர் சிரித்தால் அப்படித்தான், தொண்டையில் மட்டும் கேட்கும்.

"முக்கியமா அந்தக் கேப்டன். புயல் வந்தாலும் அதே உதட்டோரச் சிரிப்பு, கோர்ட்டுல நின்னாலும் அதே சிரிப்பு. ஒண்ணையே செஞ்சுக்கிட்டிருந்தா அவன் மனுஷன் இல்லம்மா, சாவி குடுத்த பொம்மை. வாசகருங்க கேலி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. சீக்கிரம் சரி பண்ணுங்க. இல்லேன்னா கப்பலைக் கரை சேத்துட்டு முடிச்சுடலாம்."

அக்காவுக்கு அந்தக் கதைதான் உயிர். நாள் முழுக்க ஊரார் சட்டையைத் தேய்க்கிறவளுக்கு அவள் பெயர் போட்டு வருகிற பக்கம் அது ஒன்றுதான். விட்டுவிட முடியுமா?

அன்று மாலை சீருடை வாங்க வந்த நர்ஸிடம் புலம்பினாள். நர்ஸ் அவளுடைய முதல் வாசகி, முதல் எதிரியும் அவள்தான்.

"மேடம் சொல்றது சரிதான்க்கா. கப்பலே முழுகுது, உங்க ஆளு இன்னும் ஓரமா சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. எனக்கே ஓங்கி ஒண்ணு விடலாம்போல இருந்துச்சு."

"துக்கம் வந்தா சாயாம வேற என்னடி செய்வாங்க?"

நர்ஸ் சீருடையை மறுபடி மேசையில் வைத்தாள். "வார்டுல ஒரு அம்மா. மகன் போயிட்டான்னு டாக்டர் வந்து சொன்னாரு. அந்தம்மா அழலை, சாயலை. அவனுக்குன்னு வாங்கிட்டு வந்த ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பிச்சாங்க. நார்கூட விடாம சுத்தமா உரிச்சாங்க. அப்புறம் யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியலை. என் கையில நீட்டினாங்க."

இஸ்திரிப் பெட்டி துணியில் நின்றுவிட்டது. புகை வந்த பிறகுதான் அக்கா எடுத்தாள்.

அந்த வாரம் கதையில் பெரிய துப்புரவு நடந்தது. முஷ்டிகளைப் பிரித்துவிட்டாள். சுவர்களை விலக்கினாள். வாட்ச்மேன் மூச்சை அடக்கிக்கொண்டான். கேப்டனின் தாய் மகனைக் காணவில்லை என்று கேட்டதும், அவனுக்காக எடுத்துவைத்த கம்பளிச் சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்தது. பின்னால் விரல் தட்டும் சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது.

"ஆனா கேப்டன் சிரிப்புல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாதுங்க" என்றாள், தெருவைப் பார்த்தபடியே. "மேடம் இல்ல, மேடத்தோட அம்மாவே வந்து சொன்னாலும் சரி."

பின்னால் விரல் தட்டும் சத்தம் நின்றிருந்தது.

இதழ் வந்தது. நர்ஸ் கடையில் நின்று சத்தமாகப் படித்தாள். பொத்தான் இடத்தை இரண்டு தடவை படித்தாள். கடைசியில் உயிர்காக்கும் படகில் கிடக்கும் கேப்டன் தூரத்தில் கரை விளக்கைக் காண்கிறான். அங்கேதான் சிரிக்க வேண்டும். நர்ஸ் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

"நில்லு, நில்லு. சிரிச்சானே?"

"இல்லக்கா. விளக்கைப் பாத்தான். அப்புறம் துடுப்பை எடுத்தான். தப்பிச்சோம்டா சாமின்னு நெனச்சேன்."

அக்காவின் முகம் எப்படி மாறியது என்பதை விடுங்கள். அவள் நேராகப் போய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். மலைபோலத் துணி கிடக்கிற பகல் நேரத்தில் அவள் பெட்டியை அணைத்து அந்தச் சந்து பார்த்ததில்லை. உடனே எடிட்டரைக் கூப்பிட்டாள்.

"என் வரியை எடுக்க உங்களுக்கு யாருங்க உரிமை குடுத்தது?"

"நான் ஒரு எழுத்தையும் எடுக்கலையேம்மா. வந்ததே அப்படித்தான். நல்லா இருக்குன்னு உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன்."

நர்ஸ் புத்திசாலி. சீருடையைச் சுருட்டிக்கொண்டு, ஈரமாக இருந்ததையும் சேர்த்து, கிளம்பிவிட்டாள்.

அக்கா திரும்பினாள். "மறந்துட்டீங்களா?"

"இல்ல" என்றார் டிரைவர். குழறிய பேச்சு. அவளுக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும். "அடிக்கலை."

"ஏன்?"

"இத்தனை வருஷமா அடிச்சேன். இந்த வாரம் விரல் வரலை." போனை மடியில் வைத்தார். "அவன் யாருன்னு எனக்குத் தெரியாதா? நீ அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு அவனைப் பத்தி சொல்ற. இந்தப் பக்கம் நான் இருக்கேன். என்னால உனக்குக் குடுக்க முடியாததை வாரா வாரம் என் கையாலயே எழுதிக் குடுக்கணும். அது அவன் சிரிப்பு இல்லம்மா. என்னோட பழைய போட்டோ."

அவளுக்குக் குரல் சின்னதாக வந்தது.

"நான் எழுதலேன்னா அது எங்கேயுமே இல்லாம போயிடுமேங்க."

"போகட்டுமே. நான் இருக்கேன்ல?"

உலகத்தில் எத்தனையோ பெரிய வசனங்களை அவள் எழுதியிருக்கிறாள். நீதிபதி முன்னால், மரணப் படுக்கையில், கொட்டுகிற மழையில். அவற்றில் எதிலும் இந்த மூன்று வார்த்தை இருந்ததில்லை.

அடுத்த அத்தியாயம்தான் கேப்டன் வீடு திரும்புவது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கதை தொடருமா முடியுமா என்று எடிட்டர் சொல்லப்போகிறார். கேப்டன் வாசலில் வந்து நிற்கிறான், மனைவி கதவைத் திறக்கிறாள். அதற்குமேல் ஒரு வரி வரவில்லை. சிரிக்கவும் கூடாது, சாயவும் கூடாது, பெருமூச்சும் கூடாது. ஒரு மனிதன் சந்தோஷமாக இருக்கிறான் என்று எதை வைத்துச் சொல்வது? அக்கா தேய்த்துக்கொண்டே யோசித்தாள். ஒரு மேனேஜர் சட்டையின் முதுகில் பெட்டியின் அச்சு அப்படியே பதிந்தது. அவருக்குப் பதில் சொல்லவேண்டியது வேறு பாக்கி.

டீக்காரர் வழக்கம்போல இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார். அக்கா வேலையில் இருந்தாள். கருகிய சட்டையை என்ன செய்வதென்று தண்ணீர் தெளித்துத் தேய்த்துப் பார்த்தாள், எலுமிச்சை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். எப்போதோ தலையைத் திருப்பியபோது அவர் டம்ளர் கண்ணில் பட்டது. டீயின்மேல் ஆடை கட்டியிருந்தது. குழாய் பக்கத்திலேயே காய்ந்து கிடந்தது.

"ஏன் குடிக்கலை? என்மேல கோபமா?"

"நீ இன்னும் உக்காரலையே."

"நான் எப்ப உக்காருவேன்னு யாருக்குத் தெரியும்? தினம் இப்படித்தான் ஆற வெக்கிறீங்களா?"

"எல்லாரும் ஏறாம வண்டி எடுத்துப் பழக்கமில்லை."

குழாயில் சூடாகக் குடித்தால் சுடும், அதனால்தான் ஆறவைக்கிறார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். ஊரிடமும் அப்படியே சொல்லிவைத்திருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவளுக்கு எப்படித் தெரியும்? காலை, மாலை, மழை, வெயில், அவள் எரிந்து விழுந்த நாள், பேசாமல் இருந்த நாள், எல்லா நாளும் அந்த டம்ளர் அவளுக்காகக் காத்திருந்திருக்கிறது.

அவள் உட்காரவில்லை. மேசையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா செய்யற?"

"திருப்பிப் போடுறேன். தெருவைப் பாத்தது போதும். பிடிங்க அந்தப் பக்கம்."

இரண்டு பேருமாகத் திருப்பினார்கள். திருப்பிய பிறகுதான் இஸ்திரிப் பெட்டியின் வயர் எட்டவில்லை என்று தெரிந்தது. டிரைவர் மருந்துக் கடைக்குப் போய் நீள வயர் எக்ஸ்டென்ஷன் ஒன்றை இரவல் வாங்கிவந்தார். "கடையையே ரிவர்ஸ் எடுத்துட்டீங்களா அண்ணே?" என்று மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார். இப்போது தெருவுக்கு அவள் முதுகு. எதிரே நாற்காலி.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். மருந்து விட்டிருக்கிறாள், துடைத்திருக்கிறாள். இப்படி வெறுமனே பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"எழுதுங்க" என்றாள். ஒரு சட்டையை விரித்தாள். "கேப்டன் சிரிக்கவில்லை."

விரல் தட்டியது.

"மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. அவள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள், விளக்கை ஏற்றினாள், கதவைச் சாத்தினாள். கடலில் அத்தனை நாள் தாகத்தோடு கிடந்தவன், டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவன் குடித்தான்."

அந்த அத்தியாயம் வந்த பிறகு எடிட்டர் கப்பலை நிறுத்தச் சொல்லவில்லை. அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே போகிறதென்று அவளுக்கே தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு விரல் பாதி வரியில் நின்றுவிட்டது. டிரைவரின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, அசையாத கன்னத்தில் நேராக ஓடியது.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் அலமாரிப் பக்கம் கையை நீட்டினாள். "வறண்டு போச்சா? மருந்து போடட்டுமா?"

"வேணாம்" என்றார் அவர். "இது அது இல்ல. நீ மேல சொல்லு."