காலையில் பூசிய மஞ்சள்

என் மகள் காலையில் பூச ஒரு கிரீம், இரவில் பூச ஒரு கிரீம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறாள். காலையில் பூசுவது வெயிலைத் தடுக்குமாம். இரவில் பூசுவது வெயில் செய்ததைச் சரிசெய்யுமாம். வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். நான் செய்வதில்லை. என் அத்தை அந்தக் காலத்திலேயே அப்படித்தான்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மாமா இறந்துவிட, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே நடவு வேலைக்குப் போனாள். காலையில் கிளம்பும்முன் சேற்றுப்புண் வராமலிருக்கக் கால் விரல் இடுக்குகளில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்வாள். முகத்துக்கு வெறும் தண்ணீர்தான். மாலையில் வந்ததும் பின்கதவைச் சாத்திக்கொண்டு, மஞ்சள் கிழங்கைக் கல்லில் உரசி முகத்தில் பூசுவாள். சற்று ஊறவிட்டு, நிறமே தெரியாதபடி பயத்தமாவு போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவாள். புருஷன் இல்லாதவள் மஞ்சள் பூசக்கூடாது என்பது ஊர் வழக்கம். வெயிலில் வெந்த முகத்துக்கு அந்த வழக்கம் தெரியவில்லை.

ஒருநாள் அவள் கழுவுவதற்குள் பெரியப்பா வந்துவிட்டார்.

“தாலி எறக்கனவளுக்கு இன்னாம்மா மஞ்சா? ஒளிஞ்சிக்கினு பூசினா ஊருக்குத் தெரியாதா? தெரிஞ்சா ஒருத்தியும் உன்ன நடவுக்குச் சேக்கமாட்டா.”

“செத்தது அவுரு. எம்மூஞ்சி உயிரோடத்தான் கீதுண்ணா,” என்றாள் அத்தை. “ஒளிஞ்சிக்கினு பூசறதுதானே பேஜாரு? நாளைக்கு எல்லாரும் பாக்கவே பூசிக்கினு போறேன்.”

“போய்ப் பாரு. தொரத்துவாளுங்க.”

மறுநாள் காலையில் தெருக்குழாயடியில் நின்று பூசினாள். பயத்தமாவு போடவில்லை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் கூடவே போனேன்.

அத்தையைப் பார்த்ததும் வரப்பில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூத்தவள் ஒருத்தி மட்டும், “இன்னாடி, புதுப்பொண்ணாட்டம் வர்ற?” என்றாள்.

“ஆமாக்கா. நாத்து முடியக் குடு.”

நாற்றுக் கட்டு கைக்கு வந்தது. அத்தை சேற்றில் இறங்கினாள். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் விலகிப் போனார்கள். அத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் எட்டி எட்டி, அந்த இடத்தையும் தானே நட்டுக்கொண்டு, வரிசை பிசகாமல் அவர்களோடு பின்னால் நகர்ந்து வந்தாள். ஒருமுறைகூட முகத்தைத் துடைக்கவில்லை.

எங்கள் அத்தைக்கு மட்டும் இவ்வளவு இடம் விட்டிருக்கிறார்களே என்று, வரப்பில் உட்கார்ந்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.